வென்டிலேட்டர் கத்துகிறது, என்ன செய்வது? அறிகுறியைக் கொண்டு பிழை தேடும் வழி

இரவுக் கடமையில் தனியாக நிற்கும் இளம் டொக்டருக்கும் தாதிய உத்தியோகத்தருக்கும் இது. புத்தகத்தில் வென்டிலேட்டர் மோட்கள் (மூச்சுக் கொடுக்கும் முறைகள்) வரிசையாக வரும். கட்டிலடியில் வருவது அலாம், வியர்வை, விழும் ஒட்சிசன் அளவு. ஆகவே அறிகுறியில் தொடங்கி மோடுக்குப் போவோம்.

வன்னியில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே மூச்சுக்குழாய்க்குள் ரியூப் போட்டு வென்டிலேட்டரில் ஏறுபவர்களில் பலருக்கு நுரையீரல் நன்றாகவே இருக்கும். பாம்புக் கடியிலும் பூச்சிமருந்து குடித்ததிலும் விழுந்துபோவது தசை. இன்னொரு பக்கம், காலபோக மழைக்குப் பிறகு வரும் எலிக்காய்ச்சல், நியூமோனியா, குளத்தில் மூழ்கியவர்: இவர்களின் நுரையீரல் இறுகிப்போயிருக்கும். மூன்றாவது கூட்டம் முட்டு வருத்தக்காரர்கள். இவர்களுக்கு நுரையீரல் இறுக்கமில்லை, காற்று வெளியே வரும் வழிதான் அடைப்பு. எந்த அலாம் அடித்தாலும் இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டே பொத்தானில் கை வையுங்கள்: இவருக்கு மூச்சை இழுக்கப் பலம் இருக்கிறதா? நுரையீரல் இறுக்கமா, அடைப்பா, நல்லதா?

மோட்களைப் பற்றி இந்தளவு போதும். வொலியூம் கன்ட்ரோலில் மூச்சின் கனவளவை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், அமுக்கம் எவ்வளவு ஏறும் என்பதை நுரையீரல் தீர்மானிக்கிறது. பிரஷர் கன்ட்ரோலில் அப்படியே தலைகீழ். இரண்டையும் அசிஸ்ட் கன்ட்ரோலாக ஓட விடலாம்: நோயாளி இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் ஒவ்வொரு முறையும் முழு மூச்சு போகும். எஸ்.ஐ.எம்.வி.யில் குறித்த எண்ணிக்கை முழு மூச்சு, இடையில் நோயாளியின் சொந்த மூச்சு. பிரஷர் சப்போர்ட்டில் ஒவ்வொரு மூச்சையும் நோயாளிதான் தொடங்க வேண்டும், மெஷின் பின்னாலிருந்து தள்ளும். சீபாப்பும் பைபாப்பும் மாஸ்க் வழியாக, விழிப்பாக இருக்கும் ஆளுக்கு. கம்பனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம். உள்ளே இருப்பது இவைதான்.

திடீரென்று ஒட்சிசன் விழுகிறது

மெஷினைப் பார்க்காதீர்கள், நெஞ்சைப் பாருங்கள். ஒட்சிசனை 100 வீதமாக்குங்கள். காரணம் உடனே தெரியாவிட்டால் மெஷினைக் கழற்றி, ஒட்சிசன் இணைத்த ஆம்பு பையால் கையால் ஊதுங்கள். இந்த ஒரு செயல் பாதிப் பதிலைச் சொல்லிவிடும். கையால் ஊதும்போது இலகுவாகப் போய், ஒட்சிசன் ஏறினால் பிழை மெஷினில் அல்லது அதன் குழாய்களில். கைக்கே இறுக்கமாக இருந்தால் பிழை ரியூப்பில் அல்லது நோயாளியில்.

பிறகு வரிசையாகப் பாருங்கள். ரியூப் இடம் மாறியதா? பல்லடியில் எத்தனை சென்ரிமீற்றரில் கட்டியிருந்தது என்று சார்ட்டில் பாருங்கள். 22இல் கட்டியது 26இல் நின்றால் வலது பக்கத்துக்குள் போய்விட்டது, இடது நெஞ்சில் சத்தம் கேட்காது. ரியூப் அடைத்ததா? சளி உறிஞ்சும் சக்ஷன் கதீற்றர் கீழே இறங்குகிறதா பாருங்கள். இறங்காவிட்டால் ஒன்று கடிக்கிறார், அல்லது மடிந்திருக்கிறது, அல்லது சளிக்கட்டி. நெஞ்சறைக்குள் காற்று கசிந்து அமுக்குகிறதா? ஒரு பக்கம் ஏறாமல், தட்டினால் வெறும் பானைச் சத்தம் கேட்டு, இரத்தப் பிறசரும் விழுந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாது, நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை வெளியே விட வேண்டும். கடைசியில்தான் மெஷின், குழாய், ஒட்சிசன் வழங்கல்.

ஒரு விதிவிலக்கு. அதிக பீப்பில் (வெளிமூச்சின் முடிவிலும் உள்ளே விட்டுவைக்கும் அமுக்கம்) இருக்கும் இறுகிய நுரையீரலைச் சும்மா கழற்றினால், மணிக்கணக்காகத் திறந்து வைத்த சுவாசப்பைகள் ஒரு நொடியில் சுருங்கிவிடும். அப்படியானவருக்கு ஆம்பு பையில் பீப் வால்வு பூட்டியிருக்க வேண்டும். கழற்ற முன் ரியூப்பைக் கிளாம்ப் பண்ண வேண்டும். அந்த வால்வு கட்டில் தலைமாட்டில் தொங்கட்டும். ஸ்டோரில் இருக்கிறது என்ற பதில் அந்த நேரத்தில் உதவாது.

உயர் அமுக்க அலாம் விடாமல் அடிக்கிறது

வொலியூம் கன்ட்ரோலில் இருந்தால் இது மிக நல்ல அலாம். உள்மூச்சின் முடிவில் ஹோல்ட் பொத்தானை அரை விநாடி அழுத்துங்கள். நோயாளி அந்த நேரம் சொந்தமாக இழுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய். காற்று ஓடாமல் நிற்கும்போது வரும் அந்த எண்தான் பிளாட்டோ அமுக்கம், நுரையீரல் உண்மையில் தாங்குவது.

உச்ச அமுக்கம் 42, பிளாட்டோ 20 என்று வைப்போம் (மெஷின் அமுக்க எண்கள் எல்லாம் நீர் சென்ரிமீற்றரில்). இடைவெளி பெரியது, காற்று போகும் வழியில்தான் சிக்கல்: சளி, மடிந்த ரியூப், நனைந்து கனத்த வடிகட்டி, மூச்சுக்குழாய் இறுக்கம். சக்ஷன், வடிகட்டி மாற்றுதல், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்புட்டமோல். உச்சம் 42, பிளாட்டோ 38 என்றால் வழி திறந்திருக்கிறது, நுரையீரல்தான் விரிய மறுக்கிறது: நீர் கோத்தல், நியூமோனியா, நெஞ்சறைக் காற்று, ஒரு பக்க ரியூப், ஊதிய வயிறு. இந்த இரண்டாவது ஆளுக்கு சல்புட்டமோல் எத்தனை தடவை கொடுத்தும் பயனில்லை.

பிரஷர் கன்ட்ரோலில் இருந்தால் இந்த அலாம் பெரும்பாலும் அடிக்காது. ரியூப் பாதி அடைத்தாலும் மெஷின் தனக்குச் சொன்ன 20ஐ மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். உள்ளே போகும் கனவளவு 400இலிருந்து 150ஆக இறங்கும். பிரஷர் கன்ட்ரோலுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் குறைந்த கனவளவு அலாமையும் சேர்த்து அமையுங்கள். இதைச் செய்யாமல் மோடை மட்டும் மாற்றி, அலாம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுவது பல இடங்களில் நடக்கும் காரியம். சத்தம்தான் நின்றது.

குறைந்த அமுக்கம், குறைந்த கனவளவு

எங்கோ காற்று போகிறது. நோயாளியிலிருந்து மெஷின் வரை ஒவ்வொரு பொருத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். சக்ஷன் செய்தபின் மூடாத மூடி, நீர்ப்பொறி சரியாகப் பூட்டாதது, இவைதான் வழமை. கஃப் (ரியூப்பின் கீழ் நுனியைச் சுற்றி ஊதியிருக்கும் பை) அமுக்கம் 20க்கும் 30க்கும் இடையில் இருக்க வேண்டும். மானி இருந்தால் அளந்து பாருங்கள், விரலால் நசுக்கிப் பார்ப்பது அளவல்ல. நோயாளி பேசுகிறார் என்றால் ஒன்று கஃப்பில் காற்று போதாது, அல்லது ரியூப் குரல்நாணுக்கு மேலே வந்துவிட்டது.

ஆள் மெஷினோடு மல்லுக்கட்டுகிறார்

இதற்கு எல்லோரும் முதலில் தேடுவது மிடாசோலம் என்ற மயக்க மருந்து. அது கடைசியாக வர வேண்டியது. நோவு, நிரம்பிய சலப்பை, ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு ஏற்றம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டு, திரையில் அமுக்க வளைவைப் பாருங்கள்.

வொலியூம் கன்ட்ரோலில் அமுக்க வளைவு நடுவில் குழிவாகச் சரிந்தால், ஆள் கேட்கும் வேகத்தில் காற்று வரவில்லை. ஓட்டத்தை நிமிடத்துக்கு 60 லீற்றராகவோ அதற்கு மேலோ ஏற்றுங்கள், அல்லது பிரஷர் கன்ட்ரோலுக்கு மாற்றுங்கள். அதில் கேட்ட வேகத்துக்குக் காற்று வரும். பிரஷர் கன்ட்ரோலின் நல்ல பயன் இது. இரட்டை இரட்டையாக மூச்சு ஏறினால் மெஷின் மூச்சை முடித்த பின்னும் ஆள் இழுத்துக்கொண்டிருக்கிறார். உள்மூச்சு நேரத்தைச் சற்று நீட்டுங்கள். இதைக் கவனிக்காவிட்டால் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்று அமைத்த இடத்தில் 12 போகும். யாரும் இழுக்காமலே மெஷின் படபடவென்று அடித்தால் குழாயில் தேங்கிய நீரோ கசிவோ ட்ரிகரை (மூச்சிழுப்பை உணரும் அமைப்பு) தட்டுகிறது, நீரை ஊற்றிவிடுங்கள். ஆள் இழுக்கிறார், நெஞ்சு அசைகிறது, ஆனால் மெஷின் மூச்சுக் கொடுக்கவில்லை என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

முட்டுக்காரருக்குப் பிறசர் விழுகிறது

ஆஸ்துமா, நாட்பட்ட சுவாசக்குழாய் அடைப்பு. வெளிமூச்சின் ஓட்ட வளைவு பூச்சியத்துக்கு வர முன்பே அடுத்த மூச்சு தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் காற்று உள்ளே சேருகிறது. ஆள் இழுத்தும் மெஷின் மூச்சுக் கொடுக்காமல் விடுவது இதனால்தான். வாய்க்கால் அடைத்து வடியாத வயலுக்குள் மேலும் தண்ணீர் திறந்துவிடுவது போன்றது. நெஞ்சறைக்குள் அமுக்கம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, பிறசர் கீழே வரும். இரத்த வாயுவில் காபனீரொட்சைட்டு ஏறியிருப்பதைக் கண்டு சுவாச வீதத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். இந்த நோயில் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமே ஆளைக் கொல்லும்.

பிறசர் மிக மோசமாக விழுந்துவிட்டால் மெஷினைக் கழற்றி 20, 30 விநாடி வெளிமூச்சுக்கு விடுங்கள். பிறசர் ஏறினால் காரணம் அதுதான். ஏறாவிட்டால் நெஞ்சறைக் காற்றைத் தேடுங்கள்.

இவர்களுக்கு நான் விரும்புவது வொலியூம் கன்ட்ரோல். அடைப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது பிரஷர் கன்ட்ரோலில் கனவளவு ஊசலாடும். வீதம் 8 தொடக்கம் 12, கனவளவு கிலோவுக்கு 6 தொடக்கம் 8 மில்லிலீற்றர், ஓட்டம் வேகமாக, வெளிமூச்சு நேரம் உள்மூச்சைப் போல நான்கு மடங்கோ கூடவோ. உச்ச அமுக்கம் 50ஐத் தொட்டாலும் பிளாட்டோ 30க்குள் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். அலாம் எல்லையை அதற்கேற்ப உயர்த்துங்கள், இல்லையேல் மெஷின் மூச்சைப் பாதியில் வெட்டிவிடும். காபனீரொட்சைட்டு கொஞ்சம் உயரவே விடுவோம், இரத்தத்தின் பி.எச். (அமிலத்தன்மை எண்) 7.2க்கு மேலே இருக்கும் வரை.

நாட்பட்ட அடைப்புக்காரர் ரியூப் இல்லாமலே தப்பக் கூடும். பி.எச். 7.25க்கும் 7.35க்கும் இடையில், ஆள் விழிப்பாக, இருமக் கூடியவராக இருந்தால் பைபாப் மாஸ்க்கை முதலில் போடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் இரத்த வாயு திரும்பாவிட்டால் மாஸ்க்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒட்சிசன் எவ்வளவு கூட்டியும் ஏறவில்லை

எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. எலிக்காய்ச்சலில் ரியூப்பால் இரத்தம் கலந்த நுரையும் வரும். இங்கே மோடை விட முக்கியம் கனவளவு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வில் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் கொடுத்தவர்களில் ஏறக்குறைய 40 வீதம் இறந்தார்கள், 6 கொடுத்தவர்களில் 31 வீதம். 

அந்தக் கிலோ, தராசுக் கிலோ அல்ல. உயரத்திலிருந்து வரும் கிலோ. ஆணுக்கு 50உடன், பெண்ணுக்கு 45.5உடன், 152.4ஐத் தாண்டிய ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 0.91 கூட்டுங்கள். 165 சென்ரிமீற்றர் ஆணுக்கு 61.5 கிலோ, ஆகவே ஏறக்குறைய 370 மில்லிலீற்றர். 152 சென்ரிமீற்றர் அம்மாவுக்கு 45 கிலோ, 270 மில்லிலீற்றர். அந்த அம்மாவுக்கும் வழக்கம்போல 500 என்று போட்டுவிட்டால் கிலோவுக்கு 11 போகிறது. இதற்குத் தேவையான கருவி தையல்காரரின் நாடா ஒன்று. கட்டிலில் நேராகக் கிடத்தி உச்சியிலிருந்து குதிக்கால் வரை அளந்து, எண்ணைத் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள்.

பிளாட்டோ 30க்குள், பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் 15க்குள். ஒட்சிசன் 50 வீதம் தேவைப்படுபவருக்கு பீப் 8 அல்லது 10, 70 வீதம் தேவைப்படுபவருக்கு 10 தொடக்கம் 14. ஒட்சிசன் அளவு 90ஐச் சுற்றி நின்றால் போதும், 99ஐத் துரத்த வேண்டாம். வொலியூமா பிரஷரா என்ற சண்டை இங்கே அவசியமில்லை. இந்த எல்லைகளைக் காப்பாற்றும் எதுவும் சரி. 60 வீதம் கொடுத்தும், இரத்த வாயுவில் வரும் ஒட்சிசன் அமுக்கத்தை (மில்லிமீற்றர் இரசத்தில்) அந்த வீதத்தின் தசமத்தால், அதாவது 0.6ஆல், பிரித்து வரும் எண் 150க்குக் கீழே என்றால் குப்புறப் போடுங்கள், ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணித்தியாலம். 2013இல் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் செய்த ஆய்வு அதன் பயனைத் தெளிவாகக் காட்டியது. விலையுயர்ந்த மெஷின் வேண்டாம். ரியூப்பைப் பிடிக்க ஒருவர், திருப்ப நான்கு பேர், நிதானம்.

பரகுவாட் என்ற களைகொல்லியைக் குடித்தவருக்கு மட்டும் ஒட்சிசன் நஞ்சுக்கு உதவி செய்யும். இலங்கையில் அதைத் தடைசெய்து வருடங்களாகிவிட்டன, ஆனாலும் பழைய போத்தல் எங்காவது கிடக்கலாம். அவருக்குத் தேவைக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

கண் திறக்கவில்லை, அசைவில்லை, ஆனால் நுரையீரல் நல்லது

கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். காவல் கொட்டிலில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவருக்கு இரவில் கடிக்கும், நோகாது, காயமும் தெரியாது. விடிய வயிற்று நோவு என்று வருவார், மத்தியானம் இமை இறங்கும், பின்னேரம் மூச்சு நிற்கும்.

இவருக்கு வொலியூம் அசிஸ்ட் கன்ட்ரோல், கிலோவுக்கு 8 மில்லிலீற்றர், வீதம் 12 தொடக்கம் 16, பீப் 5. ஒட்சிசனை முதல் மணித்தியாலத்துக்குள் 30, 40 வீதத்துக்கு இறக்கலாம். அவ்வளவுதான். மெஷினுக்கு இது மிக இலகுவான நோயாளி. பிழை வேறிடத்தில் வரும்.

முதலாவது, கண்மணி விரிந்து ஒளிக்கு அசையாமல் நிற்பதைக் கண்டு மூளை இறந்துவிட்டது என்று முடிவெடுப்பது. விரியன் நஞ்சு கண்மணியையும் பிடிக்கும். அவருக்குக் காது கேட்கிறது. கட்டிலடியில் நின்று, "இவர் இனித் தேறமாட்டார்" என்று சொன்னால் அதையும் கேட்பார். ஒரு தாதிய உத்தியோகத்தர் இப்படியொருவரின் காதருகில் குனிந்து, "அண்ணை, நான் சொல்றது கேட்டா கால் பெருவிரலை ஒருக்கா அசையுங்கோ" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது பெருவிரல் மட்டும், போர்வை அசைந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்கு, அசைந்தது. அதிலிருந்து அந்த விரலோடுதான் எல்லோரும் பேசினார்கள். அசையும் விரலைத் தேடிக் கண்டுபிடித்து சார்ட்டில் எழுதுங்கள். கண்களுக்கு மருந்து இட்டு மூடிவையுங்கள். பயமும் நோவும் இருக்கும், அதற்கு அளவாக மருந்து கொடுங்கள். தசை தளர்த்தி தேவையில்லை, அதைப் பாம்பே கொடுத்துவிட்டது.

இரண்டாவது, விஷமுறிவு மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் தசை எழும்பும் என்று நினைப்பது. நஞ்சு நரம்பு முனையையே சிதைத்துவிட்டது, அது திரும்ப வளர நாட்கள் எடுக்கும். அந்த நாட்களை வாங்கித் தருவது வென்டிலேட்டர்.

மூன்றாவது, அவசரப்பட்டு பிரஷர் சப்போர்ட்டுக்குப் போவது. பகலில் நன்றாக இழுப்பார், இரவில் களைத்துவிடுவார். போடுவதென்றால் மூச்சு நின்றால் தானாகவே கன்ட்ரோலுக்கு மாறும் பின்துணையை 20 விநாடியில் அமைத்துவிட்டுப் போடுங்கள்.

பூச்சிமருந்து குடித்தவர், ரியூப் எடுத்த பின் மீண்டும் விழுகிறார்

இங்கே சொல்வது ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்தை. முதல் நாளில் உயர் அமுக்க அலாம் அடித்து, ரியூப்பால் நீராகச் சளி வந்தால் மோடைத் தொடாதீர்கள், அத்ரோபீனைக் கூட்டுங்கள். நெஞ்சு காயும் வரை அதுதான் மருந்து. ரியூப் போடும்போது சக்ஸமெதோனியம் என்ற தசை தளர்த்தி கொடுத்திருந்தால் வழமையான சில நிமிடங்களுக்குப் பதிலாக மணிக்கணக்கில் ஆள் அசையாமல் கிடப்பார். அதை முறிக்கும் நொதியத்தை நஞ்சு பிடித்துவைத்திருக்கிறது.

நெஞ்சு காய்ந்து, ஆள் விழித்து, எல்லாம் சரி என்று ரியூப்பை எடுத்த பின் இரண்டாம் மூன்றாம் நாள் மூச்சு நிற்பது இந்த நஞ்சின் குணம். 1987இல் பேராதனையிலிருந்து சேனாநாயக்கவும் கரலியத்தவும் இதை உலகுக்கு விவரித்தார்கள். குடித்து 24 மணித்தியாலத்துக்கும் 96 மணித்தியாலத்துக்கும் இடையில் கழுத்துத் தசை முதலில் விழும். ஒவ்வொரு சுற்றிலும், "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கோ" என்று கேளுங்கள். தூக்க முடியாவிட்டால், ஒட்சிசன் 99 காட்டினாலும் அவர் வாட்டுக்குப் போகக் கூடியவர் அல்ல.

மெஷினிலிருந்து இறக்க முடியவில்லை

எஸ்.ஐ.எம்.வி.யில் போட்டு ஒவ்வொரு நாளும் இரண்டு மூச்சு குறைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 1994, 1995 ஆண்டுகளில் வந்த இரு ஆய்வுகளும் அந்த வழி பின்தங்கியது என்று காட்டிவிட்டன. காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, பிரஷர் சப்போர்ட் 5 தொடக்கம் 8, பீப் 5 வைத்து அரை மணித்தியாலம் பாருங்கள். நிமிடத்துக்கு எடுக்கும் மூச்சை, லீற்றரில் கனவளவால் பிரியுங்கள். 30 மூச்சு, 0.35 லீற்றர்: 86, நல்லது. 38 மூச்சு, 0.25 லீற்றர்: 152, இன்று வேண்டாம். எல்லை 105. தோற்றவரை அசிஸ்ட் கன்ட்ரோலில் நன்றாக ஓய்வெடுக்க விட்டு மறுநாள் பாருங்கள்.

விரியன்காரருக்கும் பூச்சிமருந்துக்காரருக்கும் அந்த எண் போதாது. தலையை 5 விநாடி தூக்க வேண்டும், பலமாக இரும வேண்டும், எச்சிலை விழுங்க வேண்டும்.

கரண்ட் போனது, அல்லது யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும்

ஜெனரேட்டர் பிடிக்கும் வரை பற்றரி ஓடும் என்று நம்புங்கள், ஆனால் ஆம்பு பையைக் கையில் எடுத்துக்கொண்டு நம்புங்கள்.

ஏ9 வழியாகக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 70 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து என்றால் அதன் இரட்டிப்பு. ஈ அளவுச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் 680 லீற்றர். நிமிடத்துக்கு 8 லீற்றர் மூச்சு, 100 வீத ஒட்சிசன், மெஷினின் சொந்தச் செலவு 2 லீற்றர் என்றால் 68 நிமிடத்தில் காலி. ஏற்றி இறக்கும் நேரமும் சேர்த்தால் கிளிநொச்சியிலிருந்தே போதாது. கணக்கில் வருவதன் இரண்டு மடங்கை ஏற்றுங்கள். மானி பாதியில் நின்றால் சிலிண்டரும் பாதிதான். நல்ல நுரையீரல்காரருக்குப் புறப்பட முன்பே ஒட்சிசனை 40 வீதத்துக்கு இறக்கிப் பார்த்து, அறைக் காற்றைக் கலக்கும் மெஷினில் அனுப்பினால் செலவு வெகுவாகக் குறையும்.

ஸ்ட்ரெச்சரில் மாற்றியவுடன் ரியூப் எண்ணை மறுபடி பாருங்கள். அதிகம் இடம் மாறுவது அந்த நேரத்தில்தான். கடிதத்தில் நோயின் பெயரோடு இவற்றையும் எழுதுங்கள்: உயரம், மோட், கனவளவு, கடைசிப் பிளாட்டோ, ரியூப் நிற்கும் சென்ரிமீற்றர், கடி அல்லது குடித்த நேரம், கொடுத்த தசை தளர்த்தியும் அதன் நேரமும். விரியன் கடி என்றால் எந்த விரல் அசைகிறது என்பதையும்.